இணையத்தில் வாக்களிக்கலாம்; எண்ணுவதை யார் பார்ப்பது?

வங்கிக் கணக்கைப் பார்ப்பது, விமானச் சீட்டு வாங்குவது, வரிக் கணக்கைத் தாக்கல் செய்வது என எல்லாமே வீட்டில் இருந்தபடி இணையத்தில் முடிந்துவிடுகின்றன. ஆனால் குடிமக்கள் தமது அரசைத் தேர்ந்தெடுக்கும் செயல் மட்டும், உலகின் பெரும்பாலான நாடுகளில், வாக்குச் சாவடிக்கு நேரில் சென்று செய்ய வேண்டியதாகவே இன்றும் இருக்கிறது.

இது ஏன் என்ற கேள்வி, சொந்த நாட்டுக்கு வெளியே வாழ்பவர்களிடையே அடிக்கடி எழுகிறது. துபாயில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி ஊருக்குப் பணம் அனுப்ப ஒரு நிமிடம் போதும். வாக்களிக்க வேண்டுமானால் அவர் விமானம் ஏற வேண்டும்.

கடந்த இருபது ஆண்டுகளில் பல நாடுகள் இணையவழி வாக்களிப்பை முயன்று பார்த்துள்ளன. ஒரு நாடு அதை முழுமையாக ஏற்றுக்கொண்டது. சில நாடுகள் கைவிட்டன. வேறு சில, கைவிட்ட பிறகு மீண்டும் எச்சரிக்கையுடன் தொடங்கியிருக்கின்றன. இந்த அனுபவங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், கணினி சரியாகக் கூட்டுமா என்ற ஐயத்தை விடக் கடினமான ஒரு கேள்வி தென்படுகிறது. தேர்தலில் தோற்றவர், தாம் தோற்றது உண்மைதான் என்று ஏற்றுக்கொள்வதற்கு அவர் கையில் என்ன ஆதாரம் இருக்கும் என்பதே அது.

எஸ்தோனியா சென்ற பாதை

பால்டிக் கடலோரத்தில் உள்ள எஸ்தோனியாவின் மக்கள் தொகை சுமார் 13 லட்சம்தான். 1991ல் சோவியத் ஒன்றியத்திடமிருந்து மீண்டும் சுதந்திரம் பெற்ற அந்நாடு, அரச நிர்வாகத்தைப் புதிதாகக் கட்டியெழுப்பியபோது கணினியையே அடித்தளமாக்கிக் கொண்டது. 2002 முதல் குடிமக்களுக்கு சிப் பொருத்தப்பட்ட அடையாள அட்டை வழங்கப்பட்டது. அந்த அட்டையையும் இரகசிய எண்ணையும் கொண்டு இடப்படும் மின்னணுக் கையொப்பம், பேனாவால் இடும் கையொப்பத்துக்கு நிகரான சட்ட வலுவைப் பெற்றது.

இந்த அடித்தளத்தின் மீதுதான் 2005 அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் இணைய வாக்களிப்பு அறிமுகமானது. ஒரு நாடு முழுவதிலும், சட்டப்படி செல்லுபடியாகும் தேர்தலில் இணையம் வழியாக வாக்களிக்க வகை செய்யப்பட்டது உலகிலேயே அதுதான் முதல் முறை. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் கூட அன்று அதைப் பயன்படுத்தவில்லை. 2023 மார்ச் நாடாளுமன்றத் தேர்தலிலோ, பதிவான வாக்குகளில் பாதிக்கும் சற்று அதிகமானவை இணையம் வழியாக வந்தன.

அந்த முறை இயங்கும் விதத்தை, அஞ்சல் வாக்கில் பயன்படும் இரட்டை உறைகளைக் கொண்டு விளங்கிக் கொள்ளலாம். வாக்கு முதலில் சங்கேதமாக்கப்பட்டு உள்ளுறையில் இடப்படுகிறது. வாக்காளரின் மின்னணுக் கையொப்பம் வெளியுறையில் இருக்கும். எண்ணும் நேரம் வந்ததும், கையொப்பங்கள் சரிபார்க்கப்பட்டு வெளியுறைகள் அகற்றப்படுகின்றன. பெயர் நீங்கிய உள்ளுறைகள் கலக்கப்பட்ட பின்னரே திறக்கப்படுகின்றன. திறப்பதற்கான சாவி ஒருவர் கையில் இல்லை. அது பல அதிகாரிகளிடையே பங்கிடப்பட்டிருக்கும்.

ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் இணையத்தில் வாக்கை மாற்றலாம். கடைசியாக இட்டதே கணக்கில் சேரும். நேரில் சென்று காகித வாக்கு அளித்தால் இணைய வாக்கு இரத்தாகும். கணவரோ முதலாளியோ கட்சிக்காரரோ அருகில் நின்று வற்புறுத்தினாலும், பின்னர் தனியாக மாற்றிக் கொள்ளலாம் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம்.

இப்பாதை இடையூறு இல்லாததாக இருக்கவில்லை. 2007ஆம் ஆண்டு, தலைநகர் தலினில் இருந்த சோவியத் காலப் போர்வீரர் சிலை இடம் மாற்றப்பட்டதை அடுத்து, அரசு அலுவலகங்கள், வங்கிகள், செய்தி நிறுவனங்கள் ஆகியவற்றின் இணையத் தளங்கள் வாரக் கணக்கில் தாக்குதலுக்கு உள்ளாயின. 2014ல், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு, வலிமை வாய்ந்த ஒரு வெளிநாட்டு அரசு முயன்றால் இந்த முறையை ஊடுருவ முடியும் என்று கூறி, அதை நிறுத்தி வைக்குமாறு பரிந்துரைத்தது. தேர்தல் அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. 2017ல், சுமார் ஏழரை லட்சம் அடையாள அட்டைகளின் சிப்பில் பாதுகாப்புக் குறை இருப்பது தெரிய வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் தேர்தல் திட்டமிட்டபடி நடந்தது. அட்டைகளின் மின்னணுச் சான்றிதழ்கள் நவம்பரில் முடக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டன.

இவை தொழில்நுட்பச் சோதனைகள். அரசியல் சோதனை 2023 தேர்தல் இரவில் வந்தது. காகித வாக்குகள் எண்ணப்பட்டபோது எக்ரே என்ற தேசியவாத வலதுசாரிக் கட்சி முன்னிலையில் இருந்தது. இணைய வாக்குகள் சேர்க்கப்பட்டதும் ஆளும் சீர்திருத்தக் கட்சி பெரும் வித்தியாசத்தில் முந்தியது. எக்ரே முடிவை ஏற்க மறுத்து நீதிமன்றம் சென்றது. உச்ச நீதிமன்றம் அதன் முறையீடுகளை நிராகரித்தது.

அக்கட்சியின் ஆதரவாளர்களில் பலர் இணையத்தை நம்பாமல் காகிதத்தையே நாடுபவர்கள் என்பதால், இரண்டு வகை வாக்குகளும் வேறுபட்டதில் வியப்பில்லை. ஆனால் தேர்தல் முடிவுக்கான விளக்கம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், அதை ஒரு பகுதி மக்கள் நம்ப மறுத்தால் என்ன ஆகும் என்பதை அந்த இரவு காட்டியது.

வங்கியும் வாக்கும்

"கோடிக்கணக்கான பணத்தை இணையத்தில் அனுப்ப முடிகிறதே, ஒரு வாக்கை அனுப்ப முடியாதா?" என்ற கேள்வி இயல்பானது. ஆனால் இரண்டும் அடிப்படையிலேயே வேறுபட்டவை.

வங்கியில் தவறு நடந்தால் அது கணக்கு அறிக்கையில் தெரியும். யார், எப்போது, யாருக்கு அனுப்பினார் என்ற பதிவு இருப்பதால் தவறைத் திருத்தலாம். மோசடியால் ஏற்படும் நட்டத்தின் ஒரு பகுதியை வங்கிகள் தொழில் செலவாகவே கணக்கிட்டு வைத்திருக்கின்றன. வாக்கில் இவை எதுவும் இயலாது. யார் யாருக்கு வாக்களித்தார் என்ற பதிவே இருக்கக் கூடாது. 1948ஆம் ஆண்டின் அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தின் 21ஆவது பிரிவு இரகசிய வாக்கெடுப்பை வலியுறுத்துகிறது. தான் அளித்த வாக்கைப் பிறருக்கு நிரூபித்துக் காட்ட ஒருவரால் முடியுமானால், அந்த வாக்கை விலைக்கு வாங்கலாம், மிரட்டியும் பெறலாம்.

ஆக, வாக்கை வாங்கிக் கொள்ளும் கணினி, அளித்தவர் யார் என்பதை மறந்துவிட வேண்டும். அதே வேளை அந்த வாக்கைச் சரியாக எண்ணியதை நிரூபிக்கவும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு தேவைகளையும் சேர்த்து நிறைவேற்றுவதில்தான் சிக்கல் இருக்கிறது. வாக்காளரின் சொந்தக் கணினியும் கைபேசியும் தேர்தல் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இல்லை என்பது இன்னொரு சிக்கல். அவற்றில் புகுந்த தீய மென்பொருள், திரையில் ஒரு பெயரைக் காட்டிவிட்டு வேறொரு பெயரை அனுப்பலாம். இதைக் கண்டுபிடிப்பதற்காகவே, அனுப்பிய வாக்கை வேறொரு கைபேசியில் சிறிது நேரத்துக்குள் சரிபார்க்கும் வசதியை எஸ்தோனியா 2013ல் சேர்த்தது.

சர்வர் பக்கமும் ஆபத்து உண்டு. 2010ல் வாஷிங்டன் நகர நிர்வாகம், வெளிநாட்டில் இருக்கும் வாக்காளர்களுக்காக ஓர் இணைய வாக்களிப்பு முறையை உருவாக்கி, முடிந்தால் ஊடுருவிப் பாருங்கள் என்று பொது அழைப்பு விடுத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ஒன்று 48 மணி நேரத்துக்குள் நுழைந்து, சோதனையில் பதிவான வாக்குகள் அனைத்தையும் மாற்றியது. வாக்களித்து முடித்ததும் தமது பல்கலைக்கழகத்தின் பாட்டு ஒலிக்கும்படியும் செய்து வைத்தது. ஊடுருவல் நடந்ததை அதிகாரிகள் அறிய மேலும் இரண்டு வேலை நாட்கள் ஆயின. அந்தத் திட்டம் தேர்தலுக்கு முன்பே கைவிடப்பட்டது.

ஜெர்மன் நீதிமன்றத்தின் அளவுகோல்

இந்த விவாதத்தில் மிகவும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு, இணையம் தொடர்பானது அன்று. 2005 ஜெர்மன் பொதுத் தேர்தலில், நெதர்லாந்தில் தயாரான நெடாப் மின்னணு இயந்திரங்களில் சுமார் 20 லட்சம் பேர் வாக்களித்தனர். அதை எதிர்த்து இரண்டு வாக்காளர்கள் தொடுத்த வழக்கில், ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச் 3ஆம் தேதி தீர்ப்பளித்தது.

இயந்திரங்களில் மோசடி நடந்ததாக நீதிமன்றம் கூறவில்லை. தேர்தலை இரத்துச் செய்யவும் இல்லை. ஆனால், வாக்களிப்பின் முக்கியக் கட்டங்களையும் முடிவு கணிக்கப்படும் விதத்தையும், தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனும் நம்பகமாகச் சரிபார்க்க முடிய வேண்டும் என்று அது வரையறுத்தது. பயன்படுத்தப்பட்ட இயந்திரங்கள் அந்தத் தேவையை நிறைவேற்றவில்லை. தேர்தல் பொது நிகழ்ச்சியாக இருக்க வேண்டும் என்ற அரசியல் சாசனக் கோட்பாட்டிலிருந்து நீதிமன்றம் இந்த முடிவுக்கு வந்தது.

அதே நெடாப் இயந்திரங்கள் அவற்றின் தாயகத்திலேயே அதற்கு முன்பு மதிப்பிழந்திருந்தன. 2006ல் நெதர்லாந்தின் ஆர்வலர் குழு ஒன்று, அவற்றின் உள்மென்பொருளைச் சில நிமிடங்களில் மாற்ற முடியும் என்பதை தொலைக்காட்சியில் காட்டியது. ஓர் இயந்திரத்தைச் சதுரங்கம் ஆடவும் வைத்தது. 2008ல் அந்நாடு காகிதத்துக்கும் பென்சிலுக்கும் திரும்பியது.

எல்லாரும் பார்க்கும்படி தேர்வு நடக்க வேண்டும் என்ற எண்ணம் தமிழர்களுக்குப் புதியதல்ல. பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. அது இன்றைய பொருளில் தேர்தல் அன்று; தகுதி வரம்புகள் நிறைந்த பிராமண ஊரொன்றில், குலுக்கல் வழியாக உறுப்பினர்களைத் தெரிவு செய்த முறை. ஆனால் அதன் விதிகள் கவனிக்கத்தக்கவை. குடத்தை எல்லாரும் காணும்படி உயர்த்திக் காட்ட வேண்டும். விவரம் அறியாத சிறுவன் ஒருவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். வாசித்த பெயரை மற்றவர்களும் வாசிக்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை இல்லை என்பதைச் சபையில் இருந்த எவரும் கண்ணால் காணலாம். ஜெர்மன் நீதிபதிகள் கோரியதும் ஏறக்குறைய இதைத்தான்.

கைவிட்டவர்களும் தயங்குபவர்களும்

நார்வே 2011 உள்ளாட்சித் தேர்தலிலும் 2013 நாடாளுமன்றத் தேர்தலிலும் சில நகரசபைப் பகுதிகளில் இணைய வாக்களிப்பைச் சோதித்தது. வாக்குப் பதிவு விகிதம் அதனால் உயர்ந்ததாகத் தெரியவில்லை. தமது வாக்கு வெளியே தெரிந்துவிடுமோ என்ற அச்சம் மக்களிடையே ஏற்பட்டால் அது ஜனநாயகத்தைப் பாதிக்கும் என்று கூறி, 2014ல் அரசு சோதனையை நிறுத்தியது.

சுவிட்சர்லாந்தில் 2019ஆம் ஆண்டு, அஞ்சல் துறை தனது வாக்களிப்பு மென்பொருளின் மூல நிரலை ஆய்வுக்காக வெளியிட்டது. வாக்குகளை மாற்றிவிட்டு, மாற்றவில்லை என்பதற்கான கணிதச் சான்றையும் போலியாக உருவாக்க இடமளிக்கும் குறை அதில் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். அந்த முறை விலக்கிக் கொள்ளப்பட்டது. திருத்தப்பட்ட முறையின் சோதனை 2023 ஜூனில் மூன்று மாநிலங்களில் மீண்டும் தொடங்கியது. எனினும் நாட்டின் மொத்த வாக்காளர்களில் பத்து சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அதைத் திறந்துவிடக் கூடாது என்ற வரம்பும் விதிக்கப்பட்டது.

பிரான்ஸ், வெளிநாடுகளில் வாழும் தனது குடிமக்களுக்கு 2012 நாடாளுமன்றத் தேர்தலில் இணைய வாக்களிப்பை அனுமதித்தது. 2017ல் இணையத் தாக்குதல் அச்சத்தால் விலக்கியது. 2022ல் மீண்டும் கொண்டு வந்தது.

யாரும் தாக்காமலே முறை செயலிழக்கவும் கூடும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் தொலைவில் இருப்பவர்களும் வாக்களிப்பதற்காக 2011ல் தொடங்கப்பட்ட முறை, 2021 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் சுமை தாங்காமல் தடுமாறியது. வாக்களிக்க முடியாமல் போனவர்களின் எண்ணிக்கை முடிவையே மாற்றியிருக்கக் கூடும் என்பதால், மூன்று உள்ளாட்சி மன்றங்களின் தேர்தல்களை மாநில உச்ச நீதிமன்றம் 2022ல் செல்லாதவை ஆக்கியது. அந்த முறை நிறுத்தப்பட்டது. அதனால் முதலில் பாதிக்கப்பட்டவர்கள், பிறர் துணையின்றி இரகசியமாக வாக்களிக்கும் வசதியை அதன் மூலம் பெற்றிருந்த பார்வையற்றவர்களே.

கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில், தமிழர்கள் கணிசமாக வாழும் மார்க்கம் நகரம் 2003லேயே உள்ளாட்சித் தேர்தலில் இணைய வாக்களிப்பை அறிமுகப்படுத்தியது; பின்னர் பல நகரங்கள் அதைப் பின்பற்றின. 2018 தேர்தல் நாளில், போதிய இணைய வேகம் ஒதுக்கப்படாததால் 51 நகரசபைப் பகுதிகளில் வாக்களிப்பு தடைப்பட்டது. பல இடங்களில் நேரம் நீட்டிக்கப்பட்டது. கனடாவின் நாடாளுமன்றத் தேர்தல் இன்றும் காகித வாக்குச் சீட்டில்தான் நடக்கிறது.

இந்திய அனுபவம்

காகிதம் தன்னளவில் தூய்மையானது என்றும் சொல்வதற்கில்லை. இந்தியாவில் வாக்குச் சாவடிகளைக் கைப்பற்றிக் கட்டுக் கட்டாக முத்திரை குத்திய காலம் இருந்தது. இலங்கையில் 1999 ஜனவரியில் நடந்த வடமேல் மாகாண சபைத் தேர்தலில், முகவர்கள் விரட்டப்பட்டு வாக்குப் பெட்டிகள் நிரப்பப்பட்டதாக எழுந்த புகார்கள் இன்றும் நினைவுகூரப்படுகின்றன. ஆனால் அத்தகைய மோசடிக்கு நூற்றுக்கணக்கான கைகள் வேண்டும். அதனால் சாட்சிகளும் இருப்பார்கள். மென்பொருளில் செய்யும் மாற்றத்துக்கு ஒரு சிலர் போதும். சாட்சி எவரும் இல்லாமலும் போகலாம்.

இந்தியாவில் மின்னணு இயந்திரம் முதன்முதலில் 1982ல், கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் பயன்படுத்தப்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியதால், அந்தச் சாவடிகளில் வாக்குச் சீட்டு முறையில் மறுவாக்குப் பதிவு நடந்தது, முடிவும் மாறியது. பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. 2001ல் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் சட்டமன்றத் தேர்தல்களும், 2004ல் மக்களவைத் தேர்தலும் முழுமையாக இயந்திரங்களில் நடந்தன. இந்த இயந்திரங்கள் இணையத்துடன் இணைக்கப்படுவதில்லை. நிமிடத்துக்குச் சில வாக்குகளே பதிவாகும் என்பதால் சாவடியைக் கைப்பற்றுவோருக்கும் அவை தடையாயின.

இருந்தும் ஐயங்கள் நிற்கவில்லை. வாக்காளர் ஏழு விநாடிகள் பார்க்கக் கூடிய ஒரு காகிதச் சீட்டை இயந்திரம் அச்சிட வேண்டும் என்ற ஏற்பாடு 2013ல் வந்தது. 2019ல் அது நாடு முழுவதும் பரவியது. ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து இயந்திரங்களின் சீட்டுகள் எண்ணி ஒப்பிடப்படுகின்றன. எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26ஆம் தேதி நிராகரித்தது. எத்தனை சீட்டுகளை எண்ண வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. காகிதச் சீட்டு தேவை என்பதை மட்டும் எல்லாத் தரப்பினரும் ஏற்றுள்ளனர்.

அயலில் வாழ்வோரின் வாக்கு

வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க 2010ல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் வழி வகுத்தது. ஆனால் வாக்களிக்க அவர்கள் கடவுச்சீட்டுடன் சொந்தத் தொகுதிக்கு நேரில் வர வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் அவ்வாறு பதிவு செய்திருந்த சுமார் 1.2 லட்சம் பேரில், வாக்களித்தவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கேரளத்தவர். பதிலாள் மூலம் வாக்களிக்க வகை செய்யும் மசோதா 2018ல் மக்களவையில் நிறைவேறியும் சட்டமாகாமல் காலாவதியானது. இலங்கைக் குடிமக்களுக்கோ, 2024ல் நடந்த ஜனாதிபதித் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வெளிநாட்டில் இருந்து வாக்களிக்கும் வழி இருக்கவில்லை.

இவர்களுக்கு இணைய வாக்களிப்பு பெரும் நன்மை தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் ஆபத்தையும் முதலில் சந்திக்கக் கூடியவர்கள் இவர்களில் ஒரு பகுதியினரே. பத்துப் பேர் ஒரே அறையில் தங்கும் தொழிலாளர் முகாமில், மேற்பார்வையாளரின் கண்முன்னே கைபேசியில் இடப்படும் வாக்கு எவ்வளவு இரகசியமானது? எஸ்தோனியர் வாக்குச் சாவடிக்குச் சென்று தமது இணைய வாக்கை இரத்துச் செய்ய முடியும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பும் கிடைக்காது.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்று இந்தியாவில் ஏற்கெனவே உள்ளது. இராணுவத்தினர் போன்றவர்களுக்கு வாக்குச் சீட்டு மின்னணு முறையில் அனுப்பப்படுகிறது; அவர்கள் அதை அச்சிட்டு, குறியிட்டு, அஞ்சலில் திருப்பி அனுப்புகிறார்கள். எண்ணும் மேசைக்குக் காகிதமே வந்து சேருகிறது. இதை அயல்வாழ் குடிமக்களுக்கும் விரிவுபடுத்தலாம் என்று தேர்தல் ஆணையம் 2020ல் அரசிடம் யோசனை தெரிவித்தது. இதற்கும் குறைகள் உண்டு. அஞ்சல் தாமதமாகலாம், குறியிடும் இடத்தில் திரைமறைவும் இல்லை. எனினும், முடிவு சர்ச்சைக்குள்ளானால் மீண்டும் எடுத்து எண்ணிப் பார்க்க ஒரு பொருள் எஞ்சியிருக்கும்.

சர்வதேச அளவில் இதற்கென ஒரு பொது உடன்படிக்கை இல்லை. ஐரோப்பிய கவுன்சில் 2004ல் வகுத்து 2017ல் புதுப்பித்த மின்னணு வாக்களிப்புப் பரிந்துரைகளே, பல அரசுகள் கூடி ஏற்ற முக்கிய அளவுகோல். அவையும் நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. வெளிநாட்டுத் தேர்தல் கண்காணிப்பாளர்கள் வாக்குச் சாவடியில் நின்று பார்க்கப் பழகியவர்கள்; மூல நிரலைப் படிக்கும் வல்லுநர்கள் அவர்களிடையே சிலரே.

எதிர்காலத்தில் மேலும் பல அரசுகள் தம் குடிமக்களுக்கு, குறிப்பாக அயலில் இருப்பவர்களுக்கு, இணைய வாக்கை முன்வைக்கக் கூடும். அப்போது வசதியும் செலவும் முதலில் பேசப்படும். மென்பொருளைச் சுதந்திரமாக ஆராய இடம் உண்டா, வற்புறுத்தப்பட்டவர் வாக்கை மாற்ற வழி உண்டா, முடிவை மறுப்பவர் நீதிமன்றத்தில் காட்டக் கூடிய ஆதாரம் எது ஆகிய கேள்விகள் பெரும்பாலும் கடைசியில்தான் எழுகின்றன. எஸ்தோனியாவில் இவற்றுக்கு விடை தேடும் வேலை 2005ல் தொடங்கி இன்னும் முடியவில்லை.